ஆறு மணிப் பறவைகள்

விடிந்தும் அவள் தூங்குவதுபோலக் கிடந்தாள். கணவர் கட்டில் பக்கம் குனிந்து, அவள் மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். பிறகு ஓசைப்படாமல் அறையை விட்டு வெளியே போனார்.

'தூங்குறேனான்னு நோட்டம் பார்க்கிறாரு!'

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அதில் பன்னிரண்டு வருடமாகத் தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைக்கிறார். மழையோ வெயிலோ பனியோ, ஒரு நாள் தவறியதில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிக்கும் வேலையைக்கூட, "இனிமே பறவைங்களோட நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லி, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போதே உதறிவிட்டார்.

அவளுக்கு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை, மாலை ஷிப்ட். காலையில் எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காது. ஆறு மணிக்குத் தோட்டத்தில் என்ன நடக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

போன வாரம்தான் தெரிந்தது. தாகமெடுத்து எழுந்தவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லோருக்கும் 'சிஸ்டர்', நடுச்சுவரின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். கணவர் காதருகே ஏதோ சொன்னாள். இவர் சிரித்தார். அவள் இவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் இவள் மூன்று நாள் ஜன்னலோரம் நின்றாள். மூன்று நாளும் அதே காட்சி.

நேற்று மதியம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"காலையில தோட்டத்துல யாரோட பேச்சு?"

அவர் மேஜைமேல் வைக்கப்போன டம்ளர் விளிம்பில் இடறிக் கீழே விழுந்தது. "யாரு? யாரும் இல்லையே. குருவிங்களோடதான்."

"குருவி திருப்பிப் பேசுதாக்கும்?"

"நீ வேற! கிளம்பு, பஸ்ஸு போயிடப் போவுது."

அவள் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பொய் அவளோடு பஸ்ஸேறி வேலை இடம் வரை வந்தது. மாத்திரை அட்டைகளை மாற்றி மாற்றி டப்பாவில் அடைத்தாள். பக்கத்தில் நின்ற தோழி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அழுதுட்டு நிக்காதக்கா. கையும் களவுமா புடி. அவ வந்து நிக்கிற இடத்துல நீ போய் நில்லு. மூஞ்சி போற போக்குலயே எல்லாம் தெரிஞ்சிடும்."

இதோ, சமையலறையில் தானிய டின் திறக்கும் சத்தம். அவள் எழுந்தாள். வெறுங்காலோடு பக்கவாட்டு வாசல் வழியாக இறங்கி, சுவரோரமாக நடந்து, சின்னக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். புல்லின் ஈரம் உள்ளங்காலில் ஏறியது.

இருபத்தாறு வருடத்துக்குச் சேர்த்துக் கேட்க வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். முதல் கேள்வி, 'நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?'

அவர் டின்னோடு வந்தார். வேலியிலும் ஓட்டிலும் காத்திருந்த சிட்டுக்குருவிகள் கத்தித் தீர்த்தன. கம்பத்தில் இருந்த தட்டில் தானியத்தைக் கொட்டினார். பாதி தட்டில், பாதி தரையில். இரண்டு புறாக்கள் அவர் காலடியிலேயே இறங்கிப் பொறுக்கத் தொடங்கின. குருவிகள் தட்டை மொய்த்தன.

'கை நடுங்குதோ? நடுங்கட்டும்.'

அவளுக்குப் பின்னால் சின்னக் கதவு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் இவளைக் கண்டதும் அப்படியே சிலையாக நின்றாள். நிறம் வெளுத்துப் போயிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டாள்! இனி அவர்தான் பாக்கி.

கதவுச் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். நான்கடி தூரம்கூட இல்லை. நல்ல வெளிச்சம்; இளவெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

திடுக்கிடவில்லை. முகம் மாறவில்லை. சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அவர், அவளை நேராகப் பார்த்தபடியே, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"வந்துட்டீங்களா சிஸ்டர்? அவ முழிச்சுக்கிறதுக்குள்ள சொல்லுங்க, தட்டுல இன்னைக்கு என்னென்ன பறவை உக்காந்திருக்கு?"