இரண்டு முட்டியளவு இடம்

"உங்க முட்டி நோகுதுன்னு ஒரு மனுஷன் உயிரை வாங்கிட்டீங்களே!"

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி குரலை உயர்த்துபவள் அல்ல. அன்று உயர்த்தினாள்.

எதிரே நின்ற கிரீஸ்காரர் நிமிரவில்லை. தண்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் கிரீஸ் அடித்தே தலை நரைத்தவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

"ஆமா மேடம். நான்தான் ராவினேன். அரம் என்னோடதுதான்."

வால்வு மேடையின் தளம் இரும்புக் கிரேட்டிங்கால் ஆனது. பட்டைக் கம்பிகளை நெட்டாக நிறுத்தி, குறுக்கே முறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்த தளம். சிந்தும் எண்ணெய் இடைவெளி வழியே கீழே இறங்கிவிடும். முன்பு அங்கே மொழுக்கையான பட்டைதான் இருந்தது. அதில் ஆட்கள் வழுக்கியதால், ரம்பம்போல் பல் வெட்டிய பட்டையைத் தேர்ந்தெடுத்தவள் அதிகாரிதான். பட்டையின் கனம், உயரம், இடைவெளி, தாங்கும் பாரம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு வாங்கினாள். பூட்ஸ் காலோடு ஒரு நடை நடந்துவிட்டு, "இப்ப கால் பிடிக்குது பாருங்க" என்றாள்.

"காலை மட்டுமா மேடம்? முட்டியையும் பிடிக்குது. பிடிச்சா விடமாட்டேங்குது!" என்று அன்றைக்கே யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது அதே மேடையில், ஏணி முனையை ஒட்டி, இரண்டு முட்டியளவு இடத்தில் பற்களைக் காணோம். ராவிய இரும்பு புத்தம் புதிதாகப் பளபளத்தது. போன வாரம் வால்வு ஆபரேட்டர் அந்த இடத்தில்தான் கால் வழுக்கி, ஏணியில் தலைகீழாகப் போனார். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

"முட்டிக்கு உறை குடுத்திருக்கோமே. போட்டுக்கிட்டா என்ன?"

"எண்ணெய் பட்டா அது கழண்டு கழண்டு போயிடுது மேடம்."

"பல்லை ராவினா வழுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். சின்ன இடந்தானேன்னு..."

"கூடவே திரிஞ்ச கூட்டாளி. இனிமே உங்களுக்குத் தூக்கம் வருமா?"

நாளை முதல் அவருக்கு இங்கே வேலை இல்லை என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. அதைச் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயாவோட முட்டிக்கு மெத்தை வேணுமாம்!" கதவுக்கு வெளியே ஒரு குரல், உள்ளே கேட்க வேண்டும் என்றே சொன்னது.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆபரேட்டரின் மனைவி வந்தாள். கணவனின் சட்டையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்த பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை. கிரீஸ்காரரைப் பார்த்து நின்றாள்.

"அண்ணா..." அந்தச் சொல் தன் வாயில் வந்ததே பிடிக்காதவள்போல் ஒரு கணம் நிறுத்தினாள். "நீங்கதான்னு வெளியில சொல்றாங்க. நான் நம்பல. உங்க வாயால சொல்லுங்க."

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"என் முட்டிக்குத்தான். வலி தாங்க முடியல."

"அவருக்கு மட்டும் முட்டி இல்லையா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க வீட்டுக்கு வந்தப்ப காட்டினேனே, பல்லுப் பல்லாப் பதிஞ்சு புண்ணாக் கிடந்ததே! மருந்து போட்டுப் போட்டு என் விரல்தான் தேஞ்சுது, கூடவே இருக்கீங்க, ஏதாவது பண்ணுங்கண்ணான்னு அழுதேனே! 'அழாதம்மா, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னீங்களே. இதுதான் நீங்க பார்த்துக்கிட்ட லட்சணமா? அவருக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல. உங்க முட்டிக்கு மட்டும் வழி பண்ணிக்கிட்டீங்க!"

"ஆமாம்மா. தப்புதான்."

"நல்லா இருங்க. முட்டி நோகாம நூறு வருஷம் நல்லா இருங்க!"

பையை இறுக்கிக்கொண்டு அவள் வெளியேறினாள். அவள் நடையின் ஓசை வராந்தாவில் தேய்ந்துகொண்டே போயிற்று.

வால்வு மேடை அதிகாரியின் கண்முன் எழுந்தது. கிரீஸ் அடிக்கும் முனைகள் எல்லாமே அங்கே தோள் உயரத்தில் இருக்கின்றன, நின்றபடியே அடிக்கலாம். தரையோடு இருப்பது ஏணி முனையை ஒட்டிய ஒரே ஒரு வால்வு. அதைத் திருக மண்டியிட வேண்டியவரும் ஆபரேட்டர் ஒருவர்தான். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் தோன்றவில்லை.

"நீங்க அந்த இடத்துல ஒரு நாளாவது மண்டி போட்டிருக்கீங்களா?" அவளை அறியாமல் குரல் மீண்டும் உயர்ந்தது. "அந்தம்மா அழுததுக்காகத்தானே நீங்க..."

கிரீஸ்காரர் முதல்முறையாக நிமிர்ந்தார். அவர் பார்வை சன்னல் வழியே முற்றத்தைத் துழாவியது.

"மெதுவாப் பேசுங்க மேடம். தங்கச்சி இன்னும் கேட்டைத் தாண்டல."