கண்டக்டரின் விசில்

"பீ" என்று மறுபடியும் சத்தம் கேட்டதும் மலையாளி நர்ஸ் ஷாலு கையிலிருந்த மருந்தை வைத்துவிட்டு விருட்டெனத் திரும்பினாள். கட்டிலருகே காக்கி உடுப்பில் நின்றார் செல்வகணேஷ். தமிழ்நாட்டு பஸ்ஸின் கண்டக்டர். மகனுக்கு மூச்சுத்திணறல் என்று கேட்டதும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படியே ஓடிவந்தவர். கழுத்தில் விசில் தொங்கியது.

"சேட்டா, இது ஆஸ்பத்திரி. எங்க ஊருல பஸ்ஸுக்கே பெல்லுதான்."

"நான் ஊதல சிஸ்டர், சத்தியமாட்டு."

மனைவி சுஜாவே நம்பவில்லை. வீட்டில் சோறு போதும் என்பதற்கே ஒரு விசில் அடிக்கிற மனுஷன் அவர். பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கும்போதுமா இந்தப் பழக்கம் என்று அழுதுகொண்டே திட்டினாள்.

இரண்டு வயதுப் பையன். காலையிலிருந்து ஆவி மருந்து மிஷின் இரைந்துகொண்டிருந்தது. நிறுத்தி மாஸ்க்கை எடுத்தால் உதடு நீலம் பாரித்தது. இப்படியே போனால் வென்டிலேட்டரில் போட வேண்டிவரும் என்று டியூட்டி டாக்டர் சொல்லிவிட்டு, பெரிய டாக்டருக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

பையனுக்கு வேடிக்கை காட்ட ஷாலு அவனுடைய ரப்பர் வாத்தை அமுக்கினாள். அது வாயே திறக்கவில்லை. நேற்றிலிருந்தே ஊமையாகிவிட்டது, வேறு வாங்கித்தர இவருக்கு நேரமில்லை என்று சுஜா அந்தக் குறையையும் புருஷன் தலையில் கட்டினாள்.

மிஷினை நிறுத்தினார்கள். மீண்டும் "பீ."

ஷாலுவுக்குப் பொறுமை போயிற்று. செக்யூரிட்டி ராஜையன் வந்து விசிலைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, கண்டக்டரை வெளியே கூட்டிப்போனார். ஊரையே இறக்கிவிட்டவரை இன்றைக்கு ஒருவர் இறக்கிவிட்டார். பிள்ளையை மட்டும் காப்பாற்றிவிடுங்கள் என்று வாசலில் நின்று அவர் கும்பிட்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெரிய டாக்டர் வந்தார். பையனின் மேல் குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் சட்டென நிமிர்ந்தார். கட்டிலில் கிடந்த வாத்தை எடுத்து, அதன் அடியிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். கண்டக்டரை உள்ளே கூப்பிடுங்கள், ஆபரேஷன் தியேட்டரையும் தயார் செய்யுங்கள் என்றார். பயப்பட வேண்டாம், தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்று சுஜாவிடம் சொன்னார்.

எதை எடுக்க என்று அவள் திகைத்தாள்.

"வாத்துக்க விசிலத்தான். அது பிள்ளைக்க நெஞ்சுக்குள்ள ஊதுது."