முதலில் மூன்றாவது

சாப்பாட்டு மேசையில் ஐந்து தடித்த புத்தகங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஜன்னல் வழியே சாய்ந்து வரும் மாலை வெயிலில் அட்டைகளின் பொன்னெழுத்துகள் மினுங்குகின்றன. ஐந்தும் அண்ணி எழுதிய மாயாஜால நாவல்கள். எதை முதலில் படமாக்குவது என்று இன்றைக்குள் தயாரிப்பாளருக்குச் சொல்லியாக வேண்டும். படத்தை இயக்கப்போகிற நாத்தனாரின் விரல் முதல் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. அவள் மனம் என்னவோ மூன்றாவதில்தான். ஆனால் தினமும் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றபடியே முதல் புத்தகத்தை எழுதி முடித்த அண்ணியிடம் அதைச் சொல்ல ஒரு வாரமாக வாய் வரவில்லை. அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த முதல் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைக்கிறாள். "இது வேண்டாம்டி. நூறு பக்கம் வரைக்கும் ஒருத்தனும் வீட்ட விட்டே கெளம்ப மாட்டான். எழுதுன எனக்கே கொட்டாவி வந்துச்சு. மூணாவதுல ஆமைக்கு றெக்கை மொளைக்குதே, அங்கதான் எனக்குக் கதையே பிடிபட்டுச்சு." நாத்தனார் அடக்கிவைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெடிக்கிறது. "நானும் அதத்தான் அண்ணி நெனச்சேன். நீங்க வருத்தப்படுவீங்களோன்னு பயந்துட்டேன்." "மெதுவா பேசு. உங்கண்ணனுக்கு மொதப் புத்தகம்னா உசிரு." உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அண்ணன் தலையை மட்டும் நீட்டுகிறார். "உசிரா? நான் இன்னும் அதப் படிச்சே முடிக்கலையே!" அண்ணி அடிப்பதுபோல் புத்தகத்தை ஓங்குகிறாள், சிரிப்பில் கை தளர்ந்து அது மடியிலேயே விழுகிறது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாரிப்பாளரின் எண்ணை அழுத்துகிறாள்.