ஏழு வாட்

இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தபோது அவன் முழங்கை வரை கடல்நீருக்குள் கையை விட்டிருந்தான்.

கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறைகள், பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், மஞ்சளாய் ஒன்று, இடுக்கை விட்டு வெளியே வராத ஓர் இறால்.

புயல் கரை கடந்த இரண்டாவது காலை. மடிப்பாக்கம் முழுக்க மின்சாரம் இல்லை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர்.

இந்த மாதிரி நாளுக்கென்றே, தொட்டிக்குள் காற்று விட, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அது முதல் நாளே கைவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே கம்பியெல்லாம் உப்பில் பச்சை பூத்திருந்தது. ஆறு மாதமாக அதை எடுத்துப் பார்க்கவேயில்லை.

தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும். பின்னாலேயே பவளங்களும் வெளுத்துவிடும். அதனால் அலை மோட்டாரை இன்வெர்ட்டரில் சொருகியிருந்தான். விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று.

மிச்சம் இரண்டு பிளக்.

ஒன்று அலை மோட்டார்.

இன்னொன்று உள் அறையில், அப்பாவின் காற்று மெத்தை.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது. தானாகப் புரள முடியாது. மெத்தையின் குழாய்கள் மாறி மாறி உப்பி இறங்கி, ஒரே இடத்தில் உடம்பு அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப் புண் போன வாரம்தான் தோல் மூடியிருந்தது.

பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் மறுபடியும் கீச்சிட்டது.

உள்ளே போனான். அப்பா ஒருக்களித்தபடி கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினான்.

காற்று இறங்கும் சத்தம் மெல்லக் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

மணிக்கு ஒரு தடவை புரட்டிவிட்டால் போயிற்று. பதினொரு மணிக்குப் போய் மல்லாக்கத் திருப்பிக் கிடத்தவும் செய்தான்.

அதற்குப் பிறகு மஞ்சள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மோட்டார் மட்டும் போதவில்லை. அவன் குளியலறை மக்கைக் கழுவி எடுத்துவந்தான். மொண்டான். உயரத் தூக்கி ஊற்றினான். மொண்டான். ஊற்றினான். தோள் கடுத்தது.

மனைவி பிரிந்து போன வருடம் வாங்கிய தொட்டி. நகத்தளவு துண்டாக வந்த பவளம் இப்போது உள்ளங்கை அகலம். அந்த வீட்டில் அவன் கை பட்டுத் தழைத்தது அது ஒன்றுதான்.

இரண்டு மணி இருக்கும்.

"தம்பி..."

"வரேம்ப்பா. ரெண்டே நிமிஷம்."

மக்கைக் கீழே வைக்கவில்லை.

அப்பா இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது. அதுவரை இன்வெர்ட்டர் அணையவேயில்லை. தொட்டியின் நீல விளக்கு எரிந்தது. அவன் எண்ணிப் பார்த்தான். எல்லாம் இருந்தன. அந்த இறால்கூட மீசையை நீட்டியது.

சத்தமாகச் சிரித்துவிட்டான்.

அப்புறம்தான் கதவைத் திறந்தான்.

பதினொரு மணிக்குக் கிடத்திய மாதிரியே கிடந்தார் அப்பா. மெத்தை வெறும் ரப்பர் விரிப்பாகப் பலகையோடு ஒட்டியிருந்தது. அவர் கண் திறந்திருந்தது.

"தண்ணி குடுப்பா."



புரட்டிப் பார்த்தான். பழைய இடம் கருஞ்சிவப்பாகக் கன்றி, நடுவில் ஈரம் கசிந்தது.

குனிந்து பிளக்கைச் சொருகும்போது மெத்தை மோட்டாரில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. ஏழு வாட். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பு அளவு. அதைப் பிடுங்கி அவன் மிச்சம் பிடித்தது ஒன்றுமேயில்லை.

திரும்பவும் படித்தான். ஏழுதான்.

அடுத்த இரண்டு நாளும் தொட்டியின் முன்னால் நிற்க அவனுக்குக் கூசியது. தீனியைத் தூவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். பவளங்கள் என்றைக்கும் இல்லாத அளவுக்கு விரிந்திருந்தன.

தெருவில் தண்ணீர் வடிந்தபின், வெள்ளிக்கிழமை, கட்டு மாற்றும் நர்ஸ் பியூலா வந்தாள். அவன் அப்பாவைச் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான். அவள் துணியை விலக்கினாள். 'த்சொ' என்றாள்.

"என்ன சார் இது? போன வாரம் நல்லா மூடியிருந்துச்சே. இப்பிடி பொளந்திருக்கு. பெட்டு ஓடலையா?"

அவன் வாயைத் திறந்தான்.

"இன்வெர்ட்டர் ரிப்பேரும்மா," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "கரண்ட்டும் இல்ல. அவன் என்ன பண்ணுவான்?"

பியூலா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் சரி பண்ணிடுங்க சார். இன்னொரு புயல் வருதாம்."

அப்பாவின் தோளைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவில்லை.

"பண்ணிடறேன்," என்றான்.