கருநீலத் தலைப்பு

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தையல் மெஷின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, தையல்காரி தன் கணவனின் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறாள். பிரவுசரிலேயே இணையப் பக்கம் எழுதிப் பழகும் தளம். இடப்பக்கம் அவள் தட்டுவது வலப்பக்கத்தில் அந்தக் கணமே தெரிகிறது. இந்த வீட்டில் அவள் சொன்னவுடன் ஏதோ ஒன்று நடப்பது இதுதான் முதல் தடவை. ‘நான் தைத்தவை’ என்று தலைப்பு எழுதி, அதைக் கருநீலமாக்குகிறாள். விரலில் ஒட்டியிருந்த நூல் பிசிறு கீபோர்டில் விழ, ஊதிவிடுகிறாள். முதுகுக்குப் பின்னால் டீ உறிஞ்சும் சத்தம்.

“பரவாயில்லையே. ஆனா மேல நம்ம கடைப் பேரைப் போட்டுடு,” என்கிறான் கணவன்.

“தைச்சது நான்தானே?”

“அதை யாரு இப்ப இல்லைன்னது?” சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிப் போகிறான். அவன் பேரிலேயே இருக்கும் அந்தக் கடையில் தொங்கும் சட்டையெல்லாம் இவள் கைவேலை.

அவள் தலைப்பை மாற்றாமல் சேமிக்கப் போகிறாள். கணக்கு வேண்டும் என்கிறது தளம். பெட்டியில் கணவனின் மின்னஞ்சல் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனக்கென்று ஒன்று கேட்டபோதெல்லாம், “ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்கு?” என்றவன் அவன். கருநீலத் தலைப்பை இன்னொரு முறை வாய்க்குள் படித்துவிட்டு, சேமிக்காமலேயே பக்கத்தை மூடுகிறாள். மெஷினை முன்னால் இழுத்து, அடுத்த சட்டையின் காலருக்குள் அவன் பேர் போட்ட லேபிளை வைத்துத் தைக்கிறாள்.