பத்துக்குப் பத்து

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகமே கேட்கவில்லை. தரகர் சிதம்பரநாதன் மடிக்கணினியைத் திறந்து, தேன்மலரின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த, பேச்சை அனுப்பி வாங்கும் நெட்வொர்க் அடாப்டரின் செட்டிங்ஸைச் சுவரில் காட்டினார்.

“புரோட்டோகால் பத்துக்குப் பத்து பொருந்துதும்மா.”

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அனுப்புறது, வாங்குறது ரெண்டுமே ஆன்ல இருக்கே? எங்க வீட்டு மருமகளுக்கு வாங்குறது மட்டும் போதும்.”

“அதுக்கென்ன சம்பந்தியம்மா, ஒரு டிக் எடுத்தா முடிஞ்சுது” என்று தேன்மலரின் அப்பா மவுஸை நோக்கிப் பாய்ந்தார். தேன்மலர் அதற்குள் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

“முதல்ல அவரோட செட்டிங்ஸைக் காட்டுங்கண்ணே.”

தரகர் செருமிக்கொண்டே திறந்தார். மாப்பிள்ளை பேசுவதெல்லாம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்ற கட்டத்தில், ‘அம்மா’ என்று இருந்தது.

“பிள்ளை வெள்ளந்தி. அவன் பேசுறதை நான் பார்த்து, வாயால ஓகே சொன்னாத்தான் வெளியே வரும்” என்றாள் அம்மா, பெருமையாக.

தேன்மலர் மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். “உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

அவன் முகமெல்லாம் சிரிப்பானது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அம்மாவின் வாயில் பஜ்ஜி இருந்தது. அவள் மென்று விழுங்கும்வரை, அவன் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தான்.