விட்டுப்போன உருபு

மார்ச் 12, வியாழன்.

ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். பாலத்து நினைவுக் கல்லைப் பார்த்து எழுதியபோது, 'உயிரைக் கொடுத்த' என்று வர வேண்டிய இடத்தில் 'உயிர் கொடுத்த' என்று எழுதி வந்திருக்கிறேன். வேற்றுமை உருபு விட்டுப்போயிருக்கிறது. இன்று காலைதான் கண்ணில் பட்டது. உடனே சேர்த்து, கல் வெட்டுபவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் மனம் ஒரு நிலையில் இல்லை. கல்லிலேயே அப்படி இருந்ததா, நான்தான் விட்டேனா? மருந்துக் கடை வேலைக்கு நடுவே இரண்டு முறை பாலத்துக்குக் கிளம்பினேன். இரண்டு முறையும் முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றுவட்டாரத்தில் உடைந்து கிடக்கும் நினைவுக் கற்களைப் பேரூராட்சி புதுப்பிக்கிறது. எழுத்துகளைப் பார்த்து எழுதித் தரும் பொறுப்பு எங்கள் மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு. என் பங்குக்கு வந்த கல்லின் மேல்பாதியை லாரி இடித்து, பெயர் போய்விட்டது. மிச்சம் இவ்வளவுதான்: 'பெருவெள்ளத்தில் இப்பாலத்தின் மேல் நின்றுபோன பேருந்தில் உயிரைக் கொடுத்த தாயின் நினைவாக, உடன் பயணித்தோர்.'

நாளை காலை உளி இறங்கிவிடும். இறங்கினால் பிறகு அழிக்க முடியாது. அதற்கு முன் பாலத்தில் மலர் வளையம், ஒரு நிமிட மௌனம், என்னுடைய இரங்கலுரை. 

வகுப்புக்குப் போகும் வழியில், பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் நின்று, கறுப்புப் பட்டை போட்ட உரையைக் கடைக்கார அக்காவிடம் நீட்டினேன்.

"நாப்பது காப்பிக்கா. கொஞ்சம் சீக்கிரம்."

"டேய் பாலம், அந்தப் பேப்பர் கட்டை எடு."

பாலம் அவருடைய மகன். மீசை வைத்த ஆறடி ஆள். இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்திருந்தார். பெயர்க் காரணம் அதுதான் போலிருக்கிறது.

அக்கா தாளை இயந்திரத்தில் வைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்னம்மா, சத்தமே காணோம்?" என்றார் பாலம் படுத்தபடியே. "நீ ஒரு நிமிஷம் பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "'பிள்ளை முகத்தை நினைத்தபடியே அந்தத் தாய் கண்மூடினாள்.' இதெல்லாம் உனக்கு யாரு தம்பி சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. தாய்னு போட்டிருக்கு இல்லையா, மிச்சம் ஊகம்தான்."

"ஊகமே இவ்வளவு உருக்கமா இருக்கே. சரி, கல்லு வரியில 'உயிரை'ன்னு எழுதியிருக்கியே, இந்த 'ரை' எங்கேருந்து வந்துச்சு?"

"இரண்டாம் வேற்றுமை உருபுக்கா. நான் எழுதும்போது விட்டுப்போச்சு, இன்னிக்குச் சேர்த்தேன்."

"விட்டுப்போகல. கல்லுலயே அது கிடையாது."

"நல்லா ஞாபகம் இருக்காக்கா?"

"அதை நட்டப்போ பக்கத்துலதான் நின்னேன். இதோ, இந்தத் தடியனை இடுப்புல வச்சுக்கிட்டு."

"அப்போ அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா? எப்படிக்கா செத்தாங்க?"

அதற்கு மேல் அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறுப்புப் பட்டைத் தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

"நான் எங்க தம்பி செத்தேன்? அந்த பஸ்ஸுல இவனைப் பெத்தேன்."

நாளைய வேலை: விடிந்ததும் கல் வெட்டுபவரிடம் போய் 'ரை'யை எடுக்கச் சொல்ல வேண்டும். மலர் வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாலை வாங்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், அக்காவின் பெயரைக் கேட்க வேண்டும்.